சரக்கு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு

டென்சிட்டி மீட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் வாரமே நான் ஒரு டேங்க் ரம்மை நிறுத்தி வைத்தேன்.

சர்க்கரை ஆலை லேபில் மூன்று வருடம் கரும்புச் சாறோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் ஒரு மதுபான ஆலையின் லேபுக்கு மாறியிருந்தேன். எந்த ஆலை என்பது வேண்டாம். பிளெண்டிங் பிரிவிலிருந்து ஒரு பாட்டில் ரம் வந்தது. சிரஞ்சில் இரண்டு மில்லி எடுத்து மீட்டருக்குள் மெதுவாகத் தள்ளினேன். திரையில் ஆல்கஹால் 40.6 சதவீதம் என்று வந்தது. லேபிளில் இருக்க வேண்டியது 42.8. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை போட்டேன், மறுபடியும் அதே 40.6, கடைசி தசமம்கூட மாறவில்லை. சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடு வேறு போட்டு, கீழே அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பாட்டிலிங் லைன் நின்றது. ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று பிளெண்டிங் ஆட்கள் மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். அவர்கள் அடித்துச் சத்தியம் செய்தார்கள், அளந்துதான் ஊற்றினோம் என்று. நான் மீட்டரைக் காட்டினேன். பல லட்சம் ரூபாய் மெஷின், ஐந்து தசமம், இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சீனியர் கெமிஸ்ட் மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். ஒன்றும் பேசாமல் அதே பாட்டிலிலிருந்து 200 மில்லி அளந்து குடுவையில் ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். வடிந்ததைப் பிடித்து, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு மறுபடி சரியாக 200 மில்லி ஆக்கி, அதிலிருந்து இரண்டு மில்லியை மீட்டருக்குள் தள்ளினார். 42.8.

குடுவையின் அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சாய்த்து என்னிடம் காட்டினார். “தம்பி, ரம்முல கேரமல் போடுவாங்க, கொஞ்சம் சக்கரையும் போடுவாங்க. அது உள்ள இருக்குன்னு இந்த மெஷினுக்கு யாரு சொன்னது?”

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தோன்றவில்லை, அதுதான் பிரச்சினை. மூன்று வருடம் சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு வந்தவனுக்கு, சாராயத்தில் சர்க்கரை இருக்கும் என்று தோன்றாமல் போனது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த 2.2 வித்தியாசத்துக்கு லிட்டருக்கு ஒன்பது கிராம் சர்க்கரை போதும். இரண்டு டீஸ்பூன். அவ்வளவுதான் விஷயம், அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

இந்த மெஷின் ஆல்கஹாலை அளப்பதில்லை. சர்க்கரையையும் அளப்பதில்லை. அது அளப்பது அடர்த்தியை, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் திரவம் எத்தனை கிராம் என்பதை மட்டும். 20 டிகிரியில் தண்ணீர் 0.9982, சுத்தமான எத்தில் ஆல்கஹால் 0.7892. சர்க்கரை கரைந்தால் தண்ணீர் கனக்கும், நூற்றுக்குப் பத்து கிராம் சர்க்கரை உள்ள கரைசல் 1.038. ஆல்கஹால் திரவத்தை லேசாக்கும், சர்க்கரை கனமாக்கும். மீட்டருக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது, ‘ஆல்கஹால்’ என்று தேர்ந்தெடுத்தால் தன்னிடம் வந்திருப்பது தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டுமே கலந்த ஒன்று என்று நம்பி அது அட்டவணையைப் பார்த்துச் சொல்லும். ‘பிரிக்ஸ்’ (சர்க்கரை அளவு) என்று தேர்ந்தெடுத்தால் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் என்று நம்பிச் சொல்லும். இரண்டும் சேர்ந்து உள்ளே இருந்தால் அது யாரை நம்புவது?

இந்தச் சிக்கலை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன், அப்போது புரியவில்லை. அப்பா எங்கள் ஊர் பால் சொசைட்டியில் வேலை பார்த்தார். விடியற்காலை நாலரைக்குச் சைக்கிளில் கேன்கள் வரும், அப்பா உயரமான ஜாடியில் பாலை ஊற்றி லேக்டோமீட்டரை மிதக்க விடுவார். பள்ளிப் புத்தகத்தில் பால்மானி என்று போட்டிருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நல்ல பசும்பால் 28, 30 என்று காட்டும், அதாவது அடர்த்தி 1.028, 1.030. தண்ணீர் கலந்தால் அது முழுகும், எண் இறங்கும். எல்லோருக்கும் தெரிந்த கதை. (கும்பகோணம் டிகிரி காபியின் டிகிரி இந்த லேக்டோமீட்டரின் டிகிரிதான் என்று ஒரு கதை உண்டு. இல்லை, சிக்கரி என்ற சொல்தான் திரிந்து டிகிரி ஆனது என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. நான் லேக்டோமீட்டர் கட்சி, காரணம் குடும்பப் பாசம்.)

ஆனால் ஊரில் ஒருவர் இருந்தார். அவர் பால் எப்போதும் சரியாக 29 காட்டும். மழைக்காலத்திலும் 29, மாடு மாறினாலும் 29. அப்பாவுக்கு அதுதான் உறுத்தியது. அந்த ஆள் செய்தது இதுதான்: முதலில் மேலே திரளும் ஆடையை எடுத்துவிடுவார். கொழுப்பு பாலைவிட லேசு, அதை எடுத்தால் மிச்சப் பால் கனக்கும், எண் ஏறும். அப்புறம் அந்த எண் பழைய இடத்துக்கு இறங்கும்வரை தண்ணீர் ஊற்றுவார். ஒன்று ஏற்றியது, ஒன்று இறக்கியது, லேக்டோமீட்டர் நடுவில் நின்று ‘நல்ல பால்’ என்றது. அவரைப் பிடித்தது லேக்டோமீட்டர் இல்லை. சொசைட்டிக்குக் கொழுப்பு பார்க்கிற குழாய்கள் வந்த பிறகு பாலில் கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் ஊற்றிச் சுழற்றினால் கொழுப்பு மட்டும் தனியாகக் கழுத்தில் வந்து நிற்கும். அவர் பாலில் அது நூல் மாதிரி நின்றது. அப்போதிருந்து ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மிச்சமுள்ள திடப்பொருள்) இரண்டையும் பார்த்துத்தான் காசு.

தெரியாத விஷயம் இரண்டு என்றால் அளவும் இரண்டு வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. ரம் விஷயத்தில் எனக்கு அது மறந்துபோனது.

சரி, அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது அழகான விஷயம். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நுனியைத் தட்டி ‘டுர்ர்ர்’ என்று அதிர விட்டிருப்போம். அதே ஸ்கேல் நுனியில் ஒரு ரப்பரைக் கட்டிவிட்டுத் தட்டினால் அதிர்வு மெதுவாகும், சத்தம் கனக்கும். டென்சிட்டி மீட்டருக்குள் இருப்பது அந்த ஸ்கேல்தான், கண்ணாடியில், யூ வடிவத்தில், உள்ளே ஓட்டையாக. விரல் நீளத்துக்கும் குறைவான அந்தக் குழாயில் திரவத்தை நிரப்பி மின்னால் அதிர வைக்கிறார்கள். கனமான திரவம் என்றால் மெதுவாக அதிரும், லேசானது என்றால் வேகமாக. ஒரு அதிர்வுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதை அதனாலேயே பெருக்கினால், அந்த எண்ணுக்கும் அடர்த்திக்கும் நேர்கோட்டு உறவு. ஒரு நேர்கோடு வரைய இரண்டு புள்ளி போதும். ஒரு புள்ளி காற்று, இன்னொன்று சுத்தமான தண்ணீர். இவ்வளவுதான் கேலிபரேஷன். தினமும் காலையில் வந்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுப் பார்ப்பேன், 0.9982 வந்தால் அன்றைக்கு வேலையைத் தொடங்கலாம், வராவிட்டால் அன்றைக்கு டீ தாமதமாகும்.

இதைக் கண்டுபிடித்தது ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில். ஓட்டோ கிராட்கி என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே சிதறலை வைத்துப் பெரிய மூலக்கூறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார், அதற்குக் கரைசல்களின் அடர்த்தி மிகத் துல்லியமாக, அதுவும் கொஞ்சம் திரவத்திலேயே தெரிய வேண்டியிருந்தது. ஹான்ஸ் ஸ்டாபிங்கரும் அவர் கூட்டாளிகளும் செய்துகொடுத்த தீர்வுதான் இந்த அதிரும் குழாய். 1967-ல் ஆன்டன் பார் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாராயமோ சர்க்கரையோ அவர்கள் மனதில் இல்லை, ஆனால் அதை அதிகம் பிடித்துக்கொண்டதில் பீர்க்காரர்களும் சோடாக்காரர்களும் உண்டு.

அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் மிதக்கும் கண்ணாடிதான். ஹைட்ரோமீட்டர். சர்க்கரை ஆலையில் அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியில் தண்ணீர் உப்பாகிற பக்குவத்தைப் பார்க்க மிதக்க விடுவதும் இதே குடும்பம்தான், அங்கே போமே டிகிரி, 25-ஐத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே எண்ணைத்தான் அளக்கின்றன, ஆளுக்கொரு பெயரில்.

அந்தப் பெயர்களில் எனக்குப் பிடித்தது, நம் ஊர் பாட்டில்களில் இருக்கும் 42.8. டாஸ்மாக் கடையில் அநேகமாக எந்த பிராந்தியை எடுத்துப் பார்த்தாலும் அந்த எண் இருக்கும். ஏன் 40 இல்லை, ஏன் 43 இல்லை, ஏன் இப்படி ஒரு கோணல் எண்? குடிக்கிறவர்கள் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை, அவர்களுக்கு வேறு அவசரம்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1816-ல் சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் சட்டம் என்று ஒன்று போட்டது. பார்தலோமியூ சைக்ஸ் என்ற வரி அதிகாரி செய்த பித்தளை மிதவையைத்தான் இனி சாராய வரிக்கு நம்புவோம் என்று. அந்த முறையில் ‘புரூஃப்’ என்பதற்கு ஒரு இலக்கணம்: 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே அளவு தண்ணீரின் எடையில் சரியாக 13-ல் 12 பங்கு எடையுள்ள சாராயம். இன்றைய கணக்கில் அது கனஅளவில் 57.1 சதவீத ஆல்கஹால். வெடிமருந்தை அதில் நனைத்துப் பற்றவைத்தால் பற்றுகிறதா என்று பார்ப்பார்கள், அதுதான் புரூஃப் என்ற சொல்லின் மூலம் என்று அந்தக் கதையும் கூடவே வரும். சரி, நம் பாட்டில் ‘25 அண்டர் புரூஃப்’, அதாவது புரூஃபுக்கு 25 சதவீதம் கீழே. 57.1-ல் முக்கால் பங்கு என்ன? 42.8. பிரிட்டனே 1980-ல் சைக்ஸைக் கைவிட்டுவிட்டு கனஅளவு சதவீதத்துக்கு மாறிவிட்டது. நாம் அந்த 42.8-ஐ இன்னும் லேபிளில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம், 200 வருடத்துக்கு முந்தைய லண்டன் வரிக் கணக்கை.

அந்த 51 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கவனித்தீர்களா? நம் கணக்கில் பத்தரை டிகிரி. லண்டன் கிடங்குக்கு அது சாதாரண நாள். நம் ஊரில் அந்தக் குளிரை ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டால்தான் பார்க்க முடியும். ஆல்கஹால் சூட்டில் விரிகிறது, விரிந்தால் லேசாகிறது, லேசானால் ஸ்ட்ராங் என்று மிதவை சொல்லும். நாற்பது சதவீதப் பக்கத்தில் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறிவிடும். 20 டிகிரிக்கு அளவிட்ட மிதவையை சித்திரை மாதம் 30 டிகிரியில் இருக்கும் சரக்கில் போட்டால் 40 இருப்பது 44 என்று காட்டும். வெயில் காலத்தில் சரக்குக்கு வீரியம் கூடிவிடுகிறது என்று சொன்னால் நம்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு இதே தவறு வேறு பக்கம் போகும், சூட்டில் பிரிக்ஸ் குறைவாகக் காட்டும். அதனால்தான் நம் சர்க்கரை ஆலை ஸ்பிண்டில்களை 27.5 டிகிரிக்கு அளவிட்டு வைத்திருக்கிறார்கள், இந்த ஊர் சூட்டுக்கு ஏற்ற மாதிரி. அதுவும் சரியாக ஒத்துப்போகாது, பக்கத்திலேயே திருத்த அட்டவணை தொங்கும், அதில் கைபட்டுக் கைபட்டு சில எண்கள் அழிந்தே போயிருக்கும்.

டென்சிட்டி மீட்டர் இந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. குழாயைச் சுற்றி ஒரு சின்ன மின்தகடு இருக்கிறது, அது குளிரவும் வைக்கும், சூடாக்கவும் செய்யும், நீங்கள் எந்தச் சூட்டில் ஊற்றினாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் 20.00-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். ஆனால் இது ஆஸ்திரியாவில் யோசித்த மெஷின். ஐப்பசி மழையில் அது என்ன செய்யும் என்று கொள்முதல் செய்தவர்கள் யோசிக்கவில்லை. நான் சேர்ந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் தண்ணீர் சரியாக வந்தது, காற்று மட்டும் சரியாக வரவில்லை. உலர்த்திவிட்டு அளந்தால் காற்று 0.0012 வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைவிடக் கூட, அதுவும் ஒவ்வொரு விதமாக. குழாயை மூன்று தடவை கழுவினேன், அசிட்டோன் விட்டேன், பம்ப்பை மாற்றினேன். கடைசியில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது, வெளிப்பக்கம் முழுக்க நீர் கோத்திருந்தது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு வெளியே வேர்க்கிற மாதிரி இங்கே குழாய்க்கு உள்ளே வேர்த்திருந்தது. 20 டிகிரியில் இருக்கும் கண்ணாடிக்குள் வெளியே இருக்கிற ஈரக் காற்றைப் பம்ப் ஊதிக்கொண்டே இருந்தால் வேறென்ன நடக்கும்? ஒரு கண்ணாடிக் குழாயில் நீலச் சிலிக்கா ஜெல்லை அடைத்துப் பம்ப்புக்கு முன்னால் மாட்டினேன், சரியாகிவிட்டது. அந்த நீலம் வெளிறி ரோஜா நிறம் ஆகும்போது அடுப்பில் வறுத்து மறுபடி போட வேண்டும். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை வறுப்போம், அப்பளம் மாதிரி.

குமிழி இன்னொரு எமன். குழாயில் கடுகளவு காற்று மாட்டிக்கொண்டால்கூட தசமத்தில் மூன்றாவது இடமே ஆடிப்போகும். பீர், சோடா எதுவானாலும் முதலில் வாயுவை வெளியேற்ற வேண்டும், கலக்கி, வடிதாளில் வடித்து. அவசரப்பட்டவர்கள் எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள். கெட்டிப் பாகு என்றால் கொஞ்சம் சூடாக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். அப்புறம் கழுவுவது. சர்க்கரை மாதிரியைப் போட்ட பிறகு முதலில் வெந்நீர், அப்புறம்தான் ஆல்கஹால். மாற்றிச் செய்தால் ஆல்கஹால் பட்ட சர்க்கரை குழாய்ச் சுவரிலேயே படிந்து ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க ஒரு மத்தியானம் போகும். எனக்குப் போயிருக்கிறது.

சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு வார்த்தை. பிரிக்ஸ் என்றால் சர்க்கரை சதவீதம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள், சர்க்கரையையும் தண்ணீரையும் நீங்களே கலந்தால் மட்டும் அது உண்மை. 1843-ல் கார்ல் பாலிங் சர்க்கரைக் கரைசல்களுக்கு அட்டவணை போட்டார், பிரிக்ஸ் என்பவர் அதைத் திருத்தினார், அப்புறம் ஃபிரிட்ஸ் பிளாட்டோ இன்னும் துல்லியமாக்கினார், பீர்க்காரர்கள் இன்னும் பிளாட்டோ என்றே சொல்கிறார்கள். எல்லோரும் சுத்தமான சர்க்கரையை வைத்துத்தான் போட்டார்கள். கரும்புச் சாற்றில் சர்க்கரையோடு குளுக்கோஸ், உப்புகள், பிசின், மண் எல்லாம் கலந்திருக்கும், அத்தனையும் கனம்தான். சாறு 18 பிரிக்ஸ் என்றால் அதில் உண்மையான சர்க்கரை 15 இருக்கலாம், அதைப் பார்க்க ஒளியைத் திருப்புகிற போலாரிமீட்டர் வேண்டும், அந்த எண்ணுக்குப் போல் என்று பெயர். போலைப் பிரிக்ஸால் வகுத்து நூறால் பெருக்கினால் ப்யூரிட்டி. கடைசியில் மிஞ்சும் மொலாசஸ் 85-ஐத் தாண்டிய பிரிக்ஸ் காட்டும், பார்த்தால் சர்க்கரைச் சுரங்கம் மாதிரி, ஆனால் அதில் எடுக்கக்கூடிய சர்க்கரையை எல்லாம் எடுத்தாயிற்று என்பதால்தான் அதன் பெயரே மொலாசஸ். அங்கேயும் ஒரு எண் போதவில்லை. நான் மூன்று வருடம் தினமும் இரண்டு எண் எடுத்தேன், ஏன் இரண்டு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே பாட்டிலில் பார்க்க வேண்டுமானால் பதநீர். போன கோடையில் திண்டிவனம் தாண்டி ரோட்டோரம் பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுக் குடித்துவிட்டு, ஒரு பாட்டிலில் வாங்கி லேபுக்குக் கொண்டுபோனேன். பனம்பாளையில் வடிவது முழுக்க இனிப்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டு மத்தியானத்துக்குள் கள்ளாக்கிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை, ஈஸ்டுக்கு அரசாணை தெரியாது. நான் வாங்கியதில் சுண்ணாம்பு குறைவு போல. காலை ஒன்பதரைக்குப் போட்டேன், 1.0421, பிரிக்ஸில் 11 பக்கம். மூடியைத் தளர்த்தி மேசை மேலேயே வைத்தேன். மத்தியானம் வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட்டுப் போட்டால் 1.0270. சாயங்காலம் அதைவிடக் கீழே, வாசமும் மாறிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் மூக்கை நீட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

மத்தியானத்து எண்ணைப் பிரிக்ஸில் படித்தால் ஏழுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் உள்ளே மிச்சமிருந்த சர்க்கரை ஏழு இல்லை, அதைவிட அதிகம். சர்க்கரை ஒரு கிராம் புளித்தால் அரை கிராம் அளவுக்கு ஆல்கஹால், மிச்சம் வாயுவாகப் போகும். கனமான ஒன்று காணாமல் போகிறது, அதே இடத்தில் லேசான ஒன்று வந்து உட்காருகிறது, இரண்டும் எண்ணை ஒரே பக்கம் இழுக்கின்றன. ஆரம்ப எண் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியில் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் என்று ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள், 1.050-ல் தொடங்கி 1.010-ல் முடிந்தால் ஐந்தே கால். ஆரம்ப எண் இல்லாமல் பாதியில் ஒரு பாட்டிலைக் கொடுத்தால் அடர்த்தி மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பத்து சதவீத ஆல்கஹாலும் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் சர்க்கரையும் உள்ள ஒரு இனிப்பு ஒயினை மீட்டரில் விட்டுப் பாருங்கள், 0.998 என்று வரும். தண்ணீர்!

அதனால் இரண்டாவது அளவு. காய்ச்சி வடிப்பது ஒரு வழி, பழைய வழி, நேரமாகும், ஆனால் ஏமாற்றாது. ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இன்னொரு வழி. சர்க்கரை அடர்த்தியையும் ஏற்றும், ஒளிவளைவையும் ஏற்றும். ஆல்கஹால் அடர்த்தியை இறக்கும், ஒளிவளைவை ஏற்றும். இரண்டும் வேறு வேறு விதமாக நகர்வதால் இரண்டையும் சேர்த்தால் கணக்கு விழுந்துவிடும். இப்போது வருகிற பெரிய மெஷின்களில் அடர்த்திக் குழாய்க்குப் பக்கத்திலேயே அகச்சிவப்பு ஒளியை விட்டு ஆல்கஹாலைத் தனியாகப் பிடிக்கிறார்கள். காசு இருந்தால் வாங்கலாம். எங்களிடம் இல்லை, நாங்கள் காய்ச்சுகிறோம்.

கடைசியாக ஒன்று, இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வாரம் சித்தப்பா போன் செய்தார். அவருக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது தோராயமாகத் தெரியும். “நீதான் அந்த மெஷின வச்சிருக்கியே, அதுல ஒரு சொட்டு விட்டுப் பாத்தா சொல்லிருக்கும்ல, நல்லதா கெட்டதான்னு? ஊருக்கு ஒண்ணு வச்சா என்ன?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதில் தெரியும், ஆனாலும் அடுத்த நாள் லேபில் இரண்டையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுத்தமான எத்தில் ஆல்கஹால் 0.7892. சுத்தமான மெத்தனால் 0.7914. அப்புறம் மெத்தனாலை நாற்பதுக்குத் தண்ணீர் கலந்து, ஆல்கஹால் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து உள்ளே தள்ளினேன். இரண்டு நிமிடம் 20 டிகிரிக்கு வரக் காத்திருந்தது, திரையில் பச்சை விளக்கு, 41 சொச்சம் என்று எழுதியது. எச்சரிக்கை இல்லை, சிவப்பு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வாயுவாக்கிப் பிரித்துப் பார்க்கும் குரோமட்டோகிராஃப் வேண்டும், அது வேறு அறை, வேறு ஆள், வேறு விலை.

குழாயை நாலு தடவை கழுவிவிட்டு சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த மெஷினில் தெரியாது, நல்ல சரக்கு என்றுதான் சொல்லும் என்றேன்.

“வாசத்துல?”

தெரியாது.

“அப்ப குடிக்கிறவனுக்கு?”

மறுநாள்தான் தெரியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வைத்துவிட்டார்.